இழுத்தவர் பெயர்

மார்ச் 4, திங்கள்
இன்று மருந்து பாட்டில் ஓடும் பெல்ட்டுக்கு மேலே சிவப்புக் கயிறு கட்டினார்கள். தப்பைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். புது மேனேஜர் ஒரு மணி நேரம் பேசினார். "பயம் இருக்கிற இடத்துல உண்மை வராது. இனிமே 'யாரு?'ன்னு கேக்காதீங்க. 'என்ன ஆச்சு?'ன்னு கேளுங்க." எல்லோரும் தலையாட்டினோம். நான் பதினாறு வருடமாக சூப்பர்வைசர். வாயைத் திறந்தாலே எனக்கு 'யாரு?'தான் வரும். முதுகுக்குப் பின்னால் என்னை 'யாரு சார்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாதா என்ன?

மார்ச் 7
யாரும் கயிற்றைத் தொடவில்லை. துணி காயப்போடலாம். பக்கத்தில் ஒரு பதிவேடு தொங்குகிறது. அதில் முதல் கட்டமே 'இழுத்தவர் பெயர்'. நல்ல வேடிக்கை.

மார்ச் 12, செவ்வாய்
உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது.

லேபிள் ஆள் லீவு. காலையில் நானே லேபிள் ரோலை மெஷினில் மாட்டினேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பாட்டிலை எடுத்துப் பார்க்கிறேன் — குழந்தைகள் சிரப். லேபிளில் பெரியவர்களுக்கான அளவு. என் பேத்திக்கு ஜுரம் வந்தால் கொடுப்பது இந்த பாட்டில்தான்.

லேபிள் சரிபார்ப்பவள், எல்லோருக்கும் 'அக்கா', முதல் பத்து நிமிடத்திலேயே பார்த்துவிட்டாளாம். ஏன் இழுக்கவில்லை என்றேன்.

"நீங்க மாட்டின ரோலு சார். போன வருஷம் வாயைத் திறந்தவளை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினீங்களே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை.

ஒரு நிமிடம் — ஒரே நிமிடம் — இவள் தலையிலேயே கட்டிவிடலாமா என்று நினைத்தேன். எழுதவே கூசுகிறது. வாசலில் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. கயிற்றை இழுத்தேன். மேனேஜர் ஓடி வந்தார். வந்ததும் கேட்ட முதல் வார்த்தை: "யாரு?"

"நான்தான் சார். ரோல் மாத்தி மாட்டிட்டேன். வண்டியை நிறுத்தச் சொல்லுங்க."

மார்ச் 13
எல்லாப் பெட்டியையும் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். கொடுக்கும்போது மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நானே 'யாரு?'ன்னு கேட்டுட்டேன்ல?" என்றார். ஆமாம் சார் என்றேன். வேறென்ன சொல்ல?

வீட்டில் சொன்னேன். மனைவி சிரித்தாள். "இங்க மட்டும் என்னவாம்? டம்ளர் உடைஞ்சா காலுல குத்திச்சான்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

மார்ச் 20
அலுப்பு. எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்
பதினொரு மணிக்கு பெல்ட் நின்றது. அக்காவின் கை கயிற்றில். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். 'யா' வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். நீங்க என்ன கேப்பீங்கன்னு பாக்கத்தான் இழுத்தேன்."

கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன். பிறகு சிரித்துவிட்டேன். பெல்ட் நாலு நிமிடம் நின்றதற்குப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். 'சோதனை' என்று எழுதினேன். 'இழுத்தவர் பெயர்' கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.