டாக்டர் முன்னால் நொண்டாத அம்மா

கோலியனூர்,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஆர்த்திக்கு அப்பா எழுதுவது. சண்டிகர் குளிருக்கு நீயும் மாப்பிள்ளையும் நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், மாடு சுகம், கொல்லையில் மல்லாட்டையும், அதுதான் உங்கள் டவுன் பேச்சில் வேர்க்கடலை, பூ வைத்துச் சுகமாய் இருக்கிறது. அம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் பத்தாம் வகுப்பைத் தாண்டாத இந்தக் கையெழுத்தை நீ படித்துத்தான் ஆகவேண்டும்.

நீ ஏற்பாடு செய்த ஆன்லைன் டாக்டர் முந்தின வாரம் வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்குப் போனில் வந்தார்கள். காயத்ரி என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். அம்மா காலையிலேயே தலைக்குக் குளித்து, உன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டி, பூ வைத்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள். போனைப் பிடித்த மகராசன் நான். முதலில் டாக்டருக்குக் கூரையைக் காட்டினேன், பிறகு என் தொப்பையைக் காட்டினேன். அந்தம்மா, "ஐயா, முட்டி வலி யாருக்கு?" என்று கேட்கும்படி ஆயிற்று. வலி எப்படி இருக்கிறது என்றதற்கு உன் அம்மா, "எனக்கு என்னாங்க, நல்லாத்தான் இருக்கறேன். நீ சாப்ட்டியாம்மா, இப்டி இளைச்சிப் போயிருக்கியே" என்கிறாள். நடந்து காட்டச் சொன்னார்கள். வந்தவர் முன்னால் முகம் சுளிக்கிற வழக்கம் நம் வீட்டில் ஏது? கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேர் மாதிரி நிமிர்ந்து போனாள், திரும்பினாள், அதே வேகத்தில் அடுப்பங்கரைக்குப் போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து போனுக்கு எதிரே வைத்தாள். டாக்டர் சிரித்துவிட்டார்கள். தடவ ஒரு மருந்தும், வலித்தால் மட்டும் போட ஒரு மாத்திரையும் எழுதி, சீட்டு போனுக்கே வந்தது. விளம்பரத்தில் பார்த்தோமே, நம் ரத்தத்தையே எடுத்து மிஷினில் சுற்றித் தெளியவைத்து முட்டியில் போடுகிற ஊசி, அது இவர்களுக்குத் தேவைப்படாது என்றார்கள். நான் விழுப்புரம் போய் மருந்து வாங்கி வந்தேன். டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் என்று அம்மாவுக்கு ஒரே பெருமை.

அந்த ஊசி மேல் ஆசை எனக்குத்தான். பனி இறங்கும் நேரத்தில் கொல்லையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மல்லாட்டைப் பூ வாடியதும் அதிலிருந்து ஒரு விழுது மண்ணைத் தேடி இறங்குகிறது, யாரும் பார்க்காத இருட்டில் காய் பிடிக்கிறது. அவள் முட்டிக்குள்ளும் அப்படி ஏதோ இறங்கிப் பிடித்து, அவள் வரப்பில் விறுவிறுவென்று முன்னால் போக, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓட, இப்படி ஒரு கனவு, கண்ணைத் திறந்துகொண்டே. மாடு கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து செடியை மேய்ந்தது கூட எனக்குத் தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்.

பின்வாசல் படியில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவதை நான்தான் தினமும் பார்க்கிறேனே. மனம் கேட்காமல், அவளுக்குத் தெரியாமல் அதைப் போனில் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். சாயங்காலமே கூப்பிட்டார்கள். நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்து, திண்டிவனத்தில் எலும்பு டாக்டரை நேரில் பாருங்கள் என்றார்கள். ஊசியைப் பற்றிக் கேட்டேன். "மூட்டு புதுசா முளைக்கும்னு நெனைக்காதீங்க ஐயா, சிலருக்கு வலி குறையும், சிலருக்கு அதுவும் இல்ல" என்றார்கள். என் மல்லாட்டைக் கனவு அங்கேயே வாடியது. அதற்குள் அம்மா காதில் விழுந்துவிட்டது. "ஏன்யா, நான் நொண்டறத சினிமா புடிச்சி ஊருக்குக் காட்டிக்கினு இருக்கியா? உன் தொப்பையக் காட்டுனது பத்தலியா?" என்றாள். மறுநாள் முழுக்க சோற்றுத் தட்டுதான் என்னோடு பேசியது, ணங் ணங் என்று. ராத்திரி படுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு, "திண்டிவனத்துல நம்மள யாருக்குத் தெரியும், போலாம்" என்றாள்.

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் நடையே மாறியது. நொண்டினாள், ஆர்த்தி. ஒளிக்காமல், அப்பாடா என்று நொண்டினாள். என் தோளில் கையைப் போட்டு முழுப் பாரத்தையும் இறக்கினாள். பனி விலகாத ரோட்டில் வண்டிகளெல்லாம் சத்தமில்லாமல் மிதந்து போவது போல இருந்தது. ஆஸ்பத்திரி இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கக் கூடாதா என்று நினைத்த பைத்தியக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். தேய்மானம் இருக்கிறது, ஆனால் ஊசிக்கு அவசரமில்லை, முதலில் காலுக்குப் பயிற்சி, சித்திரையில் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். வலிக்கிறதா என்று கேட்டபோது உன் அம்மா என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு, "வலிக்குதுங்க" என்றாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

கோலியனூரில் இறங்கியதும் கையை எடுத்துக்கொண்டாள். எதிரே வந்த பக்கத்து வீட்டுப் புனிதா, "இன்னா அண்ணி, ஜோடியா எங்க?" என்றதற்கு, "உங்க அண்ணனுக்கு முட்டி வலியாம், காட்டிக்கினு வர்றோம்" என்றாள். நான் உடனே நொண்ட ஆரம்பித்தேன். வீடு வரைக்கும் நொண்டினேன்.

ஆகையால் மகளே, ஊரில் யாராவது அப்பாவுக்கு முட்டி எப்படி என்று விசாரித்தால், பரவாயில்லை என்று சொல்லிவை. காலையில் பயிற்சி செய்தாளா என்று மட்டும் அவளிடம் தினமும் கேள், நான் கேட்டால் தட்டு பேசும். இரும்பை மாகாளேஸ்வரர் அருளால் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
முட்டி வலிக்காரன் என்று பெயர் எடுத்த உன் அப்பா,
கோதண்டபாணி.