சிவப்பு நூல் கட்டிய கேமரா

அன்புள்ள பெரியவன் அப்பாவுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியோடு மொட்டை மாடியில் நடை போடுகிறீர்கள் என்று மகன் சொன்னான். சந்தோஷம். நான் இங்கே நலமா என்று கேட்டால், கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். எழுத்தைப் பெரிது பெரிதாக எழுதியிருக்கிறேன், மருமகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டாம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். உங்களுக்குப் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கே ஒலிபரப்புவீர்கள். இது அப்படி ஒலிபரப்புகிற சமாச்சாரம் இல்லை.

மகன் வீட்டோடு வந்துவிடுவதற்காக இந்த வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறேன், கிட்டத்தட்டக் காலி. பீரோ மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, மேலேயும் போகமாட்டேன் கீழேயும் வரமாட்டேன் என்று உங்களைப் போலவே அடம் பிடித்தது. கடைசியில் அதன் கதவைக் கழற்றி, கைப்பிடிச் சுவரில் ஒரு துண்டைப் பெயர்த்துத்தான் இறக்கினார்கள். வீட்டு ஓனர் வந்து பெயர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்து 'உச்' கொட்டிவிட்டுப் போனார். கீழே உங்கள் போட்டோ ஸ்டுடியோவில் தொங்கிய திரையை, அதுதான் அருவியும் அன்னமும் வரைந்தது, எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை மூடுவதற்குக் கேட்டார். கொடுத்துவிட்டேன். எத்தனை ஜோடிகள் அந்த அருவிக்கு முன்னால் விறைத்துக்கொண்டு நின்றிருக்கும். இப்போது அது நிஜ மழையில் நனைகிறது.

அடுத்தது கேமரா விஷயம். மகன் வீட்டில் டிவிக்கு மேலே ஒரு பலகை இருக்கிறதாம், அதில் ஒரே ஒரு கேமரா வைக்கலாமாம். மருமகளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் வீடு, அவள் பலகை. மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் கொண்டு வா என்று நீங்கள் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு ரயிலேறிவிட்டீர்கள். எதைக் கொண்டு வர என்று நான் போனில் கேட்டபோது, 'அந்தக் கறுப்பு ஜோடியில ஏதாவது ஒண்ணைக் கொண்டு வா, ரெண்டும் ஒண்ணுதான்' என்றீர்கள். ஞாபகம் இருக்கும்.

அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கித் தரையில் போர்வை விரித்துப் பரப்பினேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுக்கிற மரப்பெட்டி, மேலேயிருந்து குனிந்து பார்க்கிற இரட்டைக்கண் கேமரா, கல்யாண மண்டபப் படியில் உருண்டு மூக்கு நசுங்கினது, எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அதைத் தொடாதே, இதைத் தொடாதே என்று காலமெல்லாம் விரட்டப்பட்டவளுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடக் கொடுத்து வைத்திருந்தது.

கறுப்பு ஜோடியும் அச்சு அசலாக ஒன்று போலவே இருந்தது. ஒன்றின் வாரில் மட்டும் சிவப்பு நூல். நான் யோசிக்கவே இல்லை, நூல் கட்டியதை எடுத்துத் துண்டில் சுற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதுதானே நம் வீட்டுக் கேமரா. நான் பெரியவனைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க நின்றபோது, அவன் முதன்முதலில் குப்புற விழுந்தபோது, சின்னவள் என் கண் மையை எடுத்து முகமெல்லாம் அப்பிக்கொண்டபோது, எல்லாவற்றுக்கும் நீங்கள் தூக்கிக்கொண்டு வந்தது அதைத்தான். 'கொஞ்சம் இப்படித் திரும்பு, சிரி, ஆங், அப்படியே இரு' என்பீர்கள். நானும் இளித்துக்கொண்டு நிற்பேன்.

படம் எங்கே என்று கேட்டால், நெகட்டிவெல்லாம் ஒரு டப்பாவில் பத்திரமாக இருக்கிறது, கல்யாண சீசன் முடியட்டும், உட்கார்ந்து போட்டுத் தருகிறேன் என்பீர்கள். உங்கள் சீசன் முடியவே இல்லை. வீட்டை ஒழிக்கும்போது அந்த டப்பாவைத் தேடினேன். ஊரார் வீட்டு நெகட்டிவ் உறை உறையாக, பேர் எழுதி வரிசை மாறாமல் இருந்தது. நம் வீட்டு உறை ஒன்றுகூட இல்லை. எங்காவது இடம் மாறிப் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். உங்கள் மேல் சந்தேகமே வரவில்லை. நான் எவ்வளவு பெரிய மக்கு என்று பாருங்கள்.

நேற்று உங்கள் பழைய உதவியாள் 'லைட்டு' வந்திருந்தார். உங்கள் பின்னால் விளக்கைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைந்தவர், இப்போது பழைய கேமரா வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார், கூடவே தொப்பையும். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பேரம் பேசவில்லை, 'அண்ணன் தொட்ட பொருளு' என்று உங்களை நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீங்கள் எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டார். பையைத் திறந்து காட்டினேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். 'அக்கா, இது சும்மா கேமராவாச்சே, இதைப் போயா வச்சுக்கறீங்க' என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, பாவம். உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். கல்யாணத்தில் பெண்ணின் பெரியப்பாவிலிருந்து பந்தி பரிமாறுகிறவர்வரை 'என்னையும் ஒண்ணு எடுங்க' என்று நச்சரிப்பார்களாம். எல்லோருக்கும் ஃபிலிம் செலவழித்தால் கட்டுப்படியாகுமா? அதற்காகவே ஃபிலிம் போடாமல் ஒரு கேமரா. 'பளிச்சுனு ஃபிளாஷ் அடிக்கும், கிளிக்குனு சத்தம் வரும், ஆளும் குளிர்ந்துடுவாரு. அவசரத்துல ரெண்டும் மாறிடக் கூடாதுன்னு அண்ணன் நூல் கட்டி வச்சிருந்தாரு. அண்ணன் மூளையே மூளைக்கா' என்றார்.

அதோடு விட்டாரா, பின்பக்க மூடியைத் திறந்தே காட்டினார். ஃபிலிம் ஓடிய கேமராவென்றால் உள்ளே அது உரசுகிற இடம் தேய்ந்து வெள்ளையாகப் பளபளக்குமாம். அதன் ஜோடியைத் திறந்தார், தேய்ந்திருந்தது. நூல் கட்டியதில் கறுப்புப் பூச்சு கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. 'ஒரு ரோல்கூட ஓடல பாருங்க' என்று என்னமோ நல்ல செய்தி சொல்கிற மாதிரி சொன்னார். வேண்டுமானால் இதைக் கொடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். இருக்கட்டும் என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, மற்றதையெல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கதவைத் தாழ்போட்டுவிட்டு அந்தக் காலி அறையில் தரையிலேயே உட்கார்ந்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எனக்காக இல்லை, பிள்ளைகளுக்காகக்கூட இல்லை. நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம், வேண்டுமானால் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். ஃபிலிம் விற்ற விலையில் மனுஷன் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறார், பெண்டாட்டி பிள்ளைக்கே காதில் பூச் சுற்றியிருக்கிறார் என்று இரண்டு நாள் திட்டித் தீர்த்துவிட்டு வந்திருப்பேன். என் அண்ணனுக்குமா?

அண்ணன் வந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. பெரியவன் பிறந்து தொட்டிலில் கிடந்த சமயம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு ஒரு நாள் லீவு கிடைப்பதே குதிரைக்கொம்பு. அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர், தங்கை பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று இரவெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். ஸ்டுடியோவில் உட்கார வைத்தீர்கள். தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டார், சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிள்ளையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். 'என்ன மாப்பிள்ளை, சிவப்பு நூலெல்லாம் கட்டியிருக்கீங்க' என்று அவர் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில் என் காதிலேயே இருக்கிறது. 'இது வீட்டு ஆளுங்களை மட்டும் எடுக்கிறது மச்சான், மத்ததோட மாறிடக் கூடாதில்ல' என்றீர்கள். ஒரு கிளிக் இல்லை, நின்று, உட்கார்ந்து, பிள்ளையோடு, என்னோடு என்று எத்தனையோ கிளிக். சீக்கிரம் அனுப்புங்க மாப்பிள்ளை, வீட்ல காட்டணும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் கிரேன் கம்பி அறுந்து விழுந்து அவர் போய்ச் சேர்ந்தார். வீட்டில் மாட்டுவதற்கு ஒரு படம் இல்லை. வேலை அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினார்கள். அதில் அவர் போலீஸ் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்த ஆள் மாதிரி இருப்பார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, 'உன் வீட்டுக்காரர் எடுத்தாராமே, சிரிச்ச மாதிரி, அதை மட்டும் எனக்குக் கொண்டாந்து குடு' என்றார். ஓடி வந்து உங்களிடம் கேட்டேன்.

அப்போது நீங்கள் சொன்னதை எழுதுகிறேன், இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம். அன்றைக்கு நீ டீ கொண்டு வந்து இருட்டறைக் கதவைத் திறந்தாயே, வெளிச்சம் பட்டு அந்த ரோல்தான் கறுத்துப் போனது, உன் மனசு கஷ்டப்படுமே என்று இத்தனை நாள் சொல்லவில்லை என்றீர்கள். பெருந்தன்மை வேறு. கதவைத் திறந்தது நிஜம்தான். உள்ளே எந்த ரோல் ஊறிக்கொண்டிருந்தது என்று எனக்கென்ன தெரியும்? நம்பிவிட்டேன்.

அண்ணியிடம் போய் என் வாயாலேயே சொன்னேன், என்னால்தான் அழிந்தது என்று. அவர் அழவில்லை, கத்தவில்லை. 'அவர் சிரிச்ச முகத்தை ஒரு தடவை பார்க்கலாம்னு இருந்தேன், அதையும் நீ அழிச்சிட்டியா' என்று மட்டும் கேட்டார். அதோடு சரி. அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்த இந்த ஊருக்கே குடிவந்த பிறகும், கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிப் போவார். எனக்கென்று இருந்த ஒரே தாய்வீடு அது, அதன் கதவை உங்கள் ஒரு வாய்ச்சொல் அடைத்துவிட்டது. இருட்டறைப் பக்கமே பிறகு நான் போகவில்லை. டீயை வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு இருமுவேன், நீங்களாக வந்து எடுத்துக்கொள்வீர்கள்.

நீங்கள் படம் எடுக்காததைக்கூட மறந்துவிடுவேன். பொய் சொன்னதையும் வயதுக் கோளாறு, பயம் என்று ஏதாவது பேர் வைத்து விழுங்கிவிடுவேன். ஆனால் என் அண்ணன் முகத்தை நானே அழித்தேனே என்று நான் படுக்கையில் அழும்போதெல்லாம் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். முதுகைத் தட்டி, 'விடு, தெரியாமச் செஞ்சதுதானே' என்று என்னை மன்னித்தீர்கள். செய்யாத தப்புக்கு என்னை மன்னித்த ஆள் நீங்கள். எனக்கு அதுதான் செரிக்க மாட்டேன் என்கிறது.

பலகைக்கு நூல் கட்டியதுதான் வரும். பிடிவாதம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று ஊரார் முகத்தையெல்லாம் பார்த்தது. என்னையும் பிள்ளைகளையும் என் அண்ணனையும் பார்த்தது இது ஒன்றுதான். எதையும் வைத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் பார்த்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள், இதில் என்னென்ன எடுத்தீர்கள் தாத்தா என்று பேத்தியும் கேட்பாள். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள், நான் எடுத்துக்கொடுக்க மாட்டேன்.

சொட்டு மருந்தை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மருமகளுக்கு வேலை வைக்காமல் நீங்களே தலையைச் சாய்த்துப் போட்டுப் பழகுங்கள். குனிந்து எதையும் தூக்காதீர்கள். நான் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. ஓனரிடம் இன்னும் கொஞ்ச நாள் இருந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், என்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அண்ணிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஃபிலிம் இல்லை, கதவைத் திறந்ததால் எதுவும் அழியவில்லை, பொய் சொன்னது நான் என்று எழுதினால் போதும். அவர் மகளை வழியில் பார்த்தேன். அண்ணிக்கு ஞாபகம் தப்பித் தப்பிப் போகிறதாம். பேரனை மறந்துவிட்டார், தெருவை மறந்துவிட்டார், என் மேல் உள்ள கோபத்தை மட்டும் இன்னும் மறக்கவில்லையாம். அதையும் மறந்துவிட்டால் யாரோ என்று நினைத்து என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். எனக்கு அது வேண்டாம். நான் யாரென்று தெரிந்து அவர் என்னைக் கூப்பிட வேண்டும். அதற்குள் எழுதிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
பழைய வீட்டில் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
உங்கள் மனைவி