ஒன்பதாம் படுக்கையின் ஹேண்ட்ஓவர்

அன்புள்ள அக்கா,

நம் வார்டில் டியூட்டி மாறும்போது எழுதிக் கையெழுத்துப் போடும் நோட்டை எடுத்துவிட்டார்கள். இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான். டியூட்டி முடிந்து கிளம்பும் நர்ஸ், திரையில் 'ஹேண்ட்ஓவர்' என்ற பச்சைக் கட்டத்தைத் தொட்டால் போதும். இன்று மதியம் முதல் தடவையாக அதைத் தொட்டேன். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

அந்தச் சொல்லை ஊரே புழங்குகிறது. வீடு கட்டியவர் சாவியைத் தந்தால் ஹேண்ட்ஓவர். திருடனைப் போலீசில் பிடித்துக் கொடுத்தாலும் ஹேண்ட்ஓவர். கொடுத்தவருக்கு அதோடு வேலை முடிந்தது. உங்களுக்கு மட்டும் முடியவே முடியாது. ஒவ்வொரு படுக்கை அருகிலும் என்னை நிறுத்தி, பெயர், மருந்து, உடம்புக்கு ஆகாதது எல்லாம் சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைப்பீர்கள். "காதுல விழுந்தா பத்தாதும்மா, உன் வாயில இருந்து வரணும்" என்பீர்கள். பஸ் பிடிக்க வேண்டியவர் நீங்கள். பொறுமை இல்லாதவள் நான்.

அன்று ஒன்பதாம் படுக்கைப் பெரியவருக்குப் பென்சிலின் ஆகாது என்று அவர் மகள் கடைசி நேரத்தில் வந்து சொன்னாள். நோட்டில் எழுதினீர்கள், என்னிடம் சொல்ல விட்டுப்போயிற்று. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஸ்ரீரங்கம் பஸ் பாலம் தாண்டி மாம்பழச் சாலைக்குப் போனபோதுதான் உங்களுக்கு உறைத்திருக்கிறது. வார்டு போனை யாரும் எடுக்கவில்லை. இறங்கி, ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தீர்கள். ஊசி என் கையில் தயாராக இருந்தது.

"கீழ வைம்மா. நான் உன்கிட்ட சொல்லாம போயிட்டேன்" என்றீர்கள்.

டாக்டரிடமும் அதையே சொன்னீர்கள். அவ்வளவு திட்டும் உங்களுக்கே விழுந்தது. அந்த வருஷம் உங்களுக்கு வர வேண்டிய இன்சார்ஜ் பதவியும் வரவில்லை. நான் வாயே திறக்கவில்லை. பெரியவர் நாலாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். இப்படியும் ஒரு மனுஷி இருக்க முடியுமா என்ற மலைப்பு எனக்கு இன்றும் தீரவில்லை அக்கா. இப்போது அந்த இன்சார்ஜ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நான்.

இன்று மனசு கேட்கவில்லை. வார்டில் எல்லாரையும் கூப்பிட்டு, நோட்டில் இருந்ததைப் படிக்காதவள் நான்தான் என்று சொல்லிவிட்டேன். அன்று தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா இப்போதும் இங்கேதான் வேலை செய்கிறார். அவர் மட்டும் பக்கத்தில் வந்தார்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர். நீங்க படிக்காம கையெழுத்துப் போட்டதைப் பார்த்துட்டுதான் இருந்தேன். சின்னப் பொண்ணு, வெளிய தெரிஞ்சா வேலையை விட்டே ஓடிடும், மூச்சு விடாதீங்கன்னு அன்னிக்கே அந்தப் பெரிய சிஸ்டர் சொல்லிட்டாங்க."

நான் இன்னும் ஓடவில்லை அக்கா.