அது மௌனம் இல்லை

இன்று காலை செங்கம் ரோட்டில் ஒரு தங்கும் விடுதியில் தீ எச்சரிக்கைக் கருவிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். சுவரெல்லாம் 'மௌனம் காக்கவும்' பலகை. முதல் அலாரம் அடித்ததும் மேனேஜர் ஓடி வந்தார்.

"சார், உள்ள தியானம் பண்றாங்க. சத்தம் வராம டெஸ்ட் பண்ண முடியாதா?"

"பண்ணலாம். தீப்புடிச்சா நீங்களே போயி ஒவ்வொருத்தர் காதுலயும் மெதுவா சொல்லிடுங்க."

அவர் முகம் சுருங்கியது. எனக்கு உறைக்கவில்லை. நீ போனபிறகு எதுவுமே உறைப்பதில்லை. இந்த ஊர் மௌனத்தைக் கொண்டாடும்போது மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் அடங்கியபோது நீ சிரித்தாயே, "ஏங்க, தலைக்குள்ள எல்லாரும் காலி பண்ணிட்டாங்க. வாடகைக்கு வுடலாமா?" என்று. அந்த மாத்திரைமேல் எனக்குக் கோபமில்லை. உன்னைத் திருப்பிக் கொடுத்ததே அதுதான்.

டாக்டர் அளவைக் கூட்டிய பிறகு உன் பேச்சு நின்றது. மின்விசிறிக்குக் கீழேயே நைட்டி நனைய வியர்த்தாய். நாடி தறிகெட்டு ஓடியது. கூப்பிட்டால் கண் மட்டும் திரும்பும்.

உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணாமலையார் கண்ணத் தொறந்துட்டார் மாப்ள. எப்படிக் கத்திக்கினு இருந்த பொண்ணு, மௌனத்துல ஒக்காந்துட்டா பாருங்க. கலைக்காதீங்க."

தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ஒருத்தி உன் காலடியில் பூ வைத்துவிட்டுப் போனாள். வேறு ஊராக இருந்தால் பதறியிருப்பார்கள்.

அந்த மாத்திரை அபூர்வமாகச் சிலரது உடம்பைத் திருப்பி அடிக்கும், உயிரே போகும் என்று படித்திருந்தேன். டாக்டருக்குப் போன் செய்தேன்.

"ஜுரம் இருக்கா?"

"இல்ல சார். ஆனா வேர்வ, நாடி..."

"கை கால் வெறப்பா இருக்கா?"

"மடக்குனா மடங்குது."

"அப்ப அது இல்ல. மாத்திரய நிறுத்தாதீங்க. அமைதியாத்தான இருக்காங்க?"

அவருக்கும் அமைதி போதுமாயிருந்தது. சூடு ஏறாமல் புகைந்துகொண்டே இருக்கும் தீ உண்டு, வெப்பத்தை மட்டும் பார்க்கும் கருவி அதற்கு அடிக்காது என்றேன். "மெடிசின் வேற, எலக்ட்ரிகல் வேற தம்பி" என்று வைத்துவிட்டார்.

உன் சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனபோது, குறுக்கே நின்ற உன் அம்மாவைத் தள்ளிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு வேறு மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டரம்மா உடனே மாத்திரையை நிறுத்தினார். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்றார். "புது மருந்துங்கள்ல இந்த எதிர்விளைவு சில பேருக்கு அரகொறையாத்தான் காட்டும். ஜுரம் லேட்டா வரும், வராமலும் போவும். பேச்சு நின்னப்பவே கூட்டியாந்திருக்கணும்."

ஜுரம் வந்தது, நீ போவதற்குச் சற்று முன்னால்.

போன வாரம் உன் அம்மா ஒரு பேனர் மாதிரியைக் கொண்டுவந்தாள். உன் வருஷ நினைவுக்கு, பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுகிறாள். உன் படத்துக்குக் கீழே 'மௌனத்தில் கலந்தவர்'.

"இந்த வரிய எடுங்க அத்த."

"ஏன் மாப்ள, நல்லாத்தான இருக்கு?"

"அவ வாயத் தொறக்க முடியாம செத்தா."

"அப்படிச் சொல்லாதீங்க. இதயும் புடுங்கிட்டா எனக்கு வேற இன்னா இருக்கு?"

அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. "நாளைக்கு இன்னொருத்தி இப்படி ஒக்காந்தா, ஒங்க பேனரப் பாத்தவங்க அவ கால்லயும் பூ வெப்பாங்க" என்றேன்.

வரியை எடுத்துவிட்டாள். என்னோடு பேசுவதையும் விட்டுவிட்டாள். இருக்கட்டும்.

பந்தியில் நான்தான் பரிமாறப்போகிறேன். மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் திடீரென்று பேச்சு நின்று வியர்த்துக் கொட்டினால், ஜுரம் இல்லாவிட்டாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று ஒவ்வொரு இலையிலும் சொல்வேன். சாப்பிடும் நேரத்தில் இது என்ன பேச்சு என்று திட்டுவார்கள். திட்டட்டும். பேச்சு நிற்பதற்கு முன் நீ கடைசியாகச் சொன்னதையும் அவர்களுக்குச் சொல்வேன்:

"ஏங்க, ஒடம்பு என்னமோ பண்ணுது. அசதின்னு வுட்டுடாதீங்க."