கல் நட்ட பிறகு வந்தவர்

திராட்சை மாதம், வளர்பிறை நான்கு

கருவாட்டுக் கப்பல் ஒன்று வந்தது. வழக்கம்போல் துறைக்குப் போய், போருக்குப் போன பெலாகோனை எங்காவது பார்த்தீர்களா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்கள். திரும்பும்போது பக்கத்து வீட்டுத் தெயானோ, "உன் தலையக் கண்டாலே மாலுமிங்க பாய இறக்காமத் திரும்பிடப் போறாங்கடி" என்றாள். சிரித்து வைத்தேன். என் புருஷனோடு போன மற்றக் கப்பல்கள் எப்போதோ வந்துவிட்டன. வந்தவர்களின் பிள்ளைகள் தெருவில் ஓடி விளையாடுகின்றன.

தேய்பிறை இரண்டு

அத்தைக்கு மூச்சு வாங்குகிறது. "அவனுக்கு ஒரு கல்ல நட்டுடும்மா. சடங்கு செய்யாத உசுரு கீழ போக முடியாம அலையும். நான் அங்க போயி என் புள்ளய எங்கன்னு தேடுவேன்?"

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

விதைப்பு மாதம், வளர்பிறை ஏழு

தெற்கிலிருந்து வந்த மாலுமி ஒருவன், அவர் கப்பல் பாறையில் மோதிச் சிதறியதைப் பார்த்ததாகச் சொல்கிறான். முகப்பில் பன்றித்தலை வரைந்த கப்பலா என்று கேட்டேன். அதேதான் என்றான்.

வளர்பிறை ஒன்பது

செய்துவிட்டோம். கடலைப் பார்த்து மூன்று முறை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். உடல் இல்லை; நான் நெய்த போர்வையைக் குழியில் வைத்துக் கல் நட்டோம். என் முடியை வெட்டி அதன்மேல் போட்டேன். மூன்றாம் முறை அத்தைதான் கூப்பிட்டாள்.

குளிர் மாதம், வளர்பிறை ஐந்து

அத்தை போய்விட்டாள். மகனைப் பார்க்கப் போகிற நிம்மதி முகத்தில் இருந்தது.

பூக்கும் மாதம், வளர்பிறை பதினொன்று

அவர் வந்துவிட்டார்.

மீன்படகில் இறங்கி நடந்தே வந்திருக்கிறார். வாசலில் நின்று என் தலையைத்தான் முதலில் பார்த்தார். "என்னடி, முடிய வெட்டியிருக்க? யாரு செத்தது? அம்மாவா?"

அத்தையும்தான் என்றேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வேன்? ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். தெயானோ என்னைப் பின்னால் இழுத்தாள். "தொடாத. கல்லு நட்டாச்சு." அவர் படியில் காலெடுத்து வைக்கப் போனார். தெருவே கூடித் தடுத்தது.

வளர்பிறை பதின்மூன்று

படகுக் கொட்டகையில் கிடக்கிறார். யாரும் நெருப்பும் தண்ணீரும் தருவதில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பூசாரியிடம் போய் நின்றேன்.

"அடக்கம் செஞ்சாச்சுன்னா செத்தவன்தாம்மா. மறுபடி பொறந்தாத்தான் வீட்டுக்குள்ள வரலாம். கைக்குழந்தையாட்டம் குளிப்பாட்டி, துணியில சுத்தி, ஒரு பொம்பள மார்ல போட்டுக்கணும். அன்னையிலேருந்து அவ தாய், அவன் மகன். அதுக்கப்புறம் மொறைய மாத்த முடியாது."

பெற்றவள் இருந்திருந்தால் அவளே செய்திருப்பாள். அத்தை, இந்தக் குளிரை மட்டும் தாண்டியிருக்கக் கூடாதா?

வளர்பிறை பதினான்கு

தெயானோவைக் கேட்டேன். "ஆறு புள்ள வச்சிருக்கேன்டி. செத்தவன எப்படி மார்ல போடுவேன்?" என்று அழுதாள். மற்ற வீடுகளில் கதவே திறக்கவில்லை.

பௌர்ணமி

"வா, வேற ஊருக்குப் போயிடலாம்" என்றார். சொல்லிவிட்டுப் படகைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கப்பல் ஒடஞ்சதுக்கப்புறம் எங்கெங்கயோ கெடந்தேன். எங்க கெடந்தாலும் நம்ம அடுப்பத்தான் நெனச்சுக்குவேன். அதுகிட்ட ஒருதரம் உக்காந்தாப் போதும்" என்றார்.

இவரை இன்னொரு முறை கடலில் ஏற்ற என்னால் முடியாது. நானே செய்கிறேன் என்றேன்.

"அப்ப எனக்கு நீ?"

"அதே வீட்டுலதான் இருப்பேன்."

தேய்பிறை ஒன்று

ஆயிற்று. குளிப்பாட்டினேன். முதுகெல்லாம் எனக்குத் தெரியாத காயங்கள். துணியில் சுற்றி, பிள்ளை பெறாத என் மார்பில் அவர் முகத்தைச் சேர்த்தேன். இருவரும் அழுதோம். கட்டிக்கொண்டு அழ அதுதான் கடைசி முறை. பிறகு, பிறந்த பிள்ளையை அடுப்பைச் சுற்றித் தூக்கிப்போவதுபோல் அவரையும் தூக்கிப்போனார்கள். ஆண்பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கட்டும் ஒலிவ இலை வளையத்தைத் தெயானோ வாசலில் கட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தேய்பிறை நான்கு

அவர் — அவன் அடுப்பருகே தூங்குகிறான். நான் தறி அறையில் படுத்துக்கொள்கிறேன்.

திராட்சை மாதம், வளர்பிறை ஆறு

வீட்டுக்கு வாரிசு வேண்டும் என்று ஊர் நச்சரிக்கிறது. அவன் வேண்டாம் என்றான். நான்தான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். என் காலத்துக்குப் பிறகு அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

பெண் பார்க்கத் தாய்தான் போகவேண்டும். போனேன். நல்ல பெண், பெயர் கிளெயோ. கூச்சப்பட்டுக்கொண்டே, "அவருக்கு என்ன புடிக்கும், அத்தை?" என்று கேட்டாள்.

வாற்கோதுமை அடையும், தேனில் வெந்த அத்திப்பழமும் என்றேன். ஓரம் லேசாகக் கருக வேண்டும் என்று சொல்லி, அடை சுடும் விதத்தையும் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.