அம்மா ஓட்டும் லாரிக்கு எந்த பிராசஸர்?

என் பிரியமுள்ள அப்பா,

காரைக்கால் தலத்தெரு வீட்டில் நானும் அம்மாவும் நலம். நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் கம்ப்யூட்டரை யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அம்மா தொட்டுவிட்டாள். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்து, பிரான்ஸ் ரோட்டில் லாரி ஓட்டுகிறாள்.

சிரிக்காதீர்கள். உங்களைவிட நன்றாகவே ஓட்டுகிறாள். கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து வருஷக்கணக்கில் நிலக்கரி லோடு அடித்தவர் நீங்கள். இடுப்பு வலி வந்து லாரியை விட்டதும், தம்பி விட்டுப்போன கம்ப்யூட்டரில் இந்த லாரி கேமைப் பிடித்துக்கொண்டீர்கள். பிரான்ஸில் வலப்பக்கம் போக வேண்டும். நீங்களோ பழக்கதோஷத்தில் இடப்பக்கம் ஏறிவிட்டு, எதிரே வருகிறவனைத் திட்டுவீர்கள். அம்மா சைக்கிள்கூட ஓட்டியதில்லை. மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லாததால் முதல் நாளே வலப்பக்கம் போய்விட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கேமுக்குப் புது அப்டேட் வந்ததிலிருந்து, ஊருக்குள் நுழைந்தாலே படம் திக்கித் திக்கி வருகிறது. அம்மா பிரேக் போடுவதற்குள் எவன் மேலாவது இடித்துவிடுகிறாள். பிராசஸருக்கு வயதாகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் எனக்கும் தம்பிக்கும் சண்டை.

முந்தின தலைமுறை பிராசஸர் ஒன்று போதும் என்றேன் நான். இருக்கிற மதர்போர்டிலேயே உட்காரும், ராமையும் மாற்ற வேண்டாம். அதற்குள்ளேயே இருக்கும் கேச் மெமரி தாராளம், அதனால் இந்த மாதிரி கேமில் புதியதற்குப் பெரிதாக இளைத்துவிடாது. பிரான்ஸில் இருக்கும் தம்பி லியோனிலிருந்து வீடியோ காலில் குதித்தான். அந்த போர்டில் மாட்ட இனிமேல் எதுவும் வராதாம், அதோடு அந்த வம்சம் முடிந்ததாம். புதியது வாங்கினால் போர்டும் ராமும் சேர்த்து வாங்க வேண்டும்தான், ஆனால் நாளைக்கு வரப்போவதையும் அதிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நீங்கள் தினமும் துடைத்துவைத்த பெட்டியைப் பிரித்துப்போட எனக்குத்தான் மனசு வரவில்லை.

இன்னொரு பேச்சும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்து அங்கே போன தம்பி, இப்போது அம்மாவையும் அங்கே கூப்பிடுகிறான். அவள் “பாக்கலாம்” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அவளுடைய பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்காவது தெரிந்ததா? நான் கேட்கவில்லை. அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்ற பயம்.

போன வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். என் நியாயம், தம்பியின் நியாயம் இரண்டையும் கடைக்காரரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் அம்மாவிடம் திரும்பினார்.

“ரெண்டுமே நல்லதுதாம்மா. எத்தனை வருஷம் ஓட்டப்போறீங்க, அதை மட்டும் சொல்லுங்க.”

“ரெண்டு வருஷம் ஓடுனா போதும் தம்பி. அதுக்குள்ள என் பேப்பரெல்லாம் வந்துடும், மவன்கிட்ட போயிடுவேன். பழசையே போட்டுடுங்க.”

என் கட்சி ஜெயித்துவிட்டது. கடைக்காரர் பில் போடட்டுமா என்றார், தலையாட்டினேன்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது, இதை முதலில் என்னிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். சொன்னால் நான் அழுவேனாம், நான் அழுதால் அவளால் போக முடியாதாம். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“உங்கப்பா தெனம் லியோனுக்குத்தான் லோடு ஏத்துவாரு. புள்ளையப் பாக்கத்தான் போறாருன்னு எனக்குத் தெரியும். அவரால போவ முடியல. நான் போறேன்டி.”

எனக்கு அது தெரியாது அப்பா. அதே வீட்டில்தான் இருந்தேன். அத்தனை ஊர் இருக்கிற கேமில் எதற்கு ஒரே ஊருக்குப் போகிறீர்கள் என்று உங்களைக் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? தம்பிக்காவது சொன்னீர்களா?

புது பிராசஸர், அதாவது பழைய புது பிராசஸர், மாட்டியாகிவிட்டது. இப்போது எந்த ஊருக்குள்ளும் படம் திக்குவதில்லை. நான் ஆபீஸ் விட்டு வரும்போது அம்மா லோடு இறக்கிவிட்டு எனக்கு டீ போட்டுக்கொண்டிருப்பாள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருக்கிறோம். குளிருக்குப் போட ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரையும் கேட்டு வைத்திருக்கிறாள்.

எனக்குப் பயம் போகவில்லை. அவள் இங்கேயே இருந்துவிட மாட்டாளா என்றுதான் இன்னும் இருக்கிறது. ஆனாலும் ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூட்டிப்போவேன், அவள் உள்ளே போய்க் கண்ணுக்கு மறையும்வரை அழமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
காரைக்காலிலேயே இருக்கப்போகும் உங்கள் மூத்த பிள்ளை,
தமிழரசி