கதவைப் பூட்டிவிட்டுப் போன திருடன்

டேய் தம்பி,

சோறு குக்கரில் இருக்கிறது. குழம்பைச் சூடு பண்ணிக்கொள். போன தடவை மாதிரி பாத்திரத்தைத் தீய்த்துவிட்டு முழிக்காதே. குழாய் ரிப்பேர்காரர் மதியம் வருவார். உனக்கு இன்று லீவு, அதனால் அவர் உன் பொறுப்பு. தனியாக வீடு எடுத்துத் தங்குகிற பெரிய மனிதர்கள் நாம், வாளி வைத்துச் சமாளித்தது போதும்.

நேற்றைய சண்டைக்கு வருகிறேன். வழக்கம்போல் படத்தைக் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஆளுக்கொரு முடிவு எழுதினோம். நீ எழுதியதில், வீடு புகுந்த திருடன் அங்கே தூங்குகிற கிழவரை எழுப்பாமல், எதையும் எடுக்காமல், கதவைப் பூட்டிவிட்டுப் போகிறான். "எந்தத் திருடன்டா பூட்டிட்டுப் போவான்?" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே மிச்சத்தைப் பார்த்தேன். திருடன் மழையில் ஓடுகிறான், திருந்துகிறான், பாட்டு வேறு பாடுகிறான். சகிக்கவில்லை. நான் எழுதிய முடிவும் கிட்டத்தட்ட அதேதான். வெளியே சொல்லிவிடாதே.

இன்றைக்கு என்ன படம் என்பதை நீயே முடிவு செய்.

அக்கா

செருப்பு மாட்டிய பிறகு திரும்பி வந்து எழுதுகிறேன். நீ வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாய். கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போக மனசு வரவில்லை. பூட்டிவிட்டுத்தான் போகிறேன். உன் திருடன் செய்தது சரிதான். உன் சாவி ஃப்ரிட்ஜ் மேல்.

உன் குடையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவன் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.